பள்ளிக்கு மருந்து கேட்டு வரும் அழைப்பு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் நம் வாசகர்கள் பலருக்கும் ஒரே மாதிரி அழைப்பு வருகிறது. சத்துணவுக் கூடத்தில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை, வந்து மருந்து வைத்துவிட்டுப் போங்கள் என்பார்கள். அரிசி மூட்டையின் அடி கிழிந்திருக்கும். பாடநூல் கட்டுகளின் ஓரம் கொறிபட்டிருக்கும். கணினி அறையில் ஒயர் கடிபட்டு ஏதோ ஒன்று வேலை செய்யாது. தலைமை ஆசிரியருக்கு அந்த வாரம் சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், புத்தக விநியோகம் என்று தலைக்கு மேல் வேலை. அவருக்கு வேண்டியது ஒரு நாள் வேலையும் ஒரு ரசீதும். நம்மவர்களும் நாலு மூலையில் மருந்துக் கேக், பரணில் ஒட்டுப்பலகை என்று வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். காலாண்டுத் தேர்வு நேரத்தில் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வருகிறது.

அந்த இரண்டாவது அழைப்பை நம் தொழில் வருமானமாகப் பார்க்கப் பழகிவிட்டது. உண்மையில் அது முதல் வேலை சரியாக நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி. பள்ளி வளாகத்தில் மருந்து வைப்பதைக் கடைசி வேலையாகத் தள்ளிவைக்க வேண்டும். ஓட்டை அடைப்பதும் உணவை மூடுவதும்தான் முதல் வேலை. நாம் கூலி வாங்க வேண்டியதும் அதற்குத்தான். இதை இந்த இதழ் அழுத்திச் சொல்ல விரும்புகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1940களிலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டேவிஸும் அவருடன் இருந்தவர்களும் தெருத் தெருவாக எலிகளைக் கணக்கெடுத்தார்கள். நஞ்சும் பொறியும் வைத்துக் குறைத்த இடங்களில் எலிகள் பெருகிப் பழைய எண்ணிக்கைக்கே திரும்பின. குப்பையையும் ஒளிவிடங்களையும் அகற்றிய இடங்களில் எண்ணிக்கை தாழ்ந்தே நின்றது. எத்தனை எலி வாழலாம் என்பதை அந்த இடத்தின் தீனியும் பொந்தும்தான் தீர்மானிக்கின்றன. வீட்டெலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். மூன்று மாதத்தில் குட்டியும் ஈனத் தயாராகிவிடும். ஜூனில் பாதியைக் கொன்றாலும் மீதிப் பாதிக்கு அதே அரிசியும் அதே பரணும் இருக்கின்றன. செப்டம்பர் அழைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தீனிக் கணக்கும் மாறிவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் பள்ளியிலேயே சமைக்கிறார்கள். பிள்ளைகள் பசியோடு வகுப்பில் உட்காராத நிலை வந்தது பெரிய காரியம். ஆனால் ஒரு வேளை மட்டும் சோறு சிந்திய வளாகத்தில் இப்போது இரண்டு வேளை சிந்துகிறது. நம்மில் பலர் இன்னும் பழைய வளாகத்தை மனதில் வைத்தே ஆய்வு செய்கிறோம்.

பள்ளிக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போகாமல், பிள்ளைகள் தட்டு கழுவும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு குழாய் வரிசையும் திறந்த வாய்க்காலும்தான். முந்நூறு தட்டிலிருந்து தட்டுக்கு ஒரு பிடி போனாலும் ஒரு பெருச்சாளிக் குடும்பத்துக்கு அது வாரத் தீனி. அந்த வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தில், சுற்றுச்சுவர் அடியிலோ கழிவுநீர்த் தொட்டியை ஒட்டியோ, புது மண் குவிந்த வளைகள் இருக்கும். குழாய்க்கு முன்பே மிச்சச் சோற்றைக் கொட்ட மூடியுள்ள வாளி ஒன்று, வாய்க்கால் வாயில் எடுத்துக் கழுவக்கூடிய வலை ஒன்று, வாளியை மாலைக்குள் வளாகத்தை விட்டு வெளியேற்ற ஓர் ஆள். இவ்வளவையும் ஏற்பாடு செய்தாலே வேலையில் பாதி முடிந்த மாதிரி. எலி பொழுது சாய்ந்த பிறகுதான் தீனிக்குக் கிளம்புகிறது. அதற்குள் தரையில் சோறு இருக்கக் கூடாது.

இதையெல்லாம் நமக்கு யார் சொல்வார்கள்? சமையலர்தான். காலையில் கதவைத் திறக்கும்போது எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தினமும் பார்ப்பவர் அவர். நம்மவர்கள் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சமையலர் அக்காவிடம் பதினைந்து நிமிடம் நின்று கேட்டால், டார்ச் அடித்துத் தேடும் நேரம் மிச்சம். அரிசி மூட்டையைப் பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி அடுக்கச் சொல்வதும் அவரிடம்தான். பின்பக்கத்தில் டார்ச் வெளிச்சம் போகாத அடுக்கு இருந்தால் அங்கே எலி குடியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

எந்த எலி என்று தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது. மண்ணைத் தோண்டிக் குவித்தால் பெருச்சாளி இனம். ஓட்டுக் கூரை, உத்தரம், ஒயர், கட்டடத்தைத் தொடும் மரக்கிளை வழியாக வந்தால் வீட்டெலி. அலமாரியில் பழைய விடைத்தாளைக் கிழித்துக் கூடு கட்டினால் சுண்டெலி. மூஞ்சூறு எலியே அல்ல; பூச்சி தின்கிற பிராணி, அது வந்திருந்தால் அங்கே கரப்பான் இருக்கிறது. அதற்குத் தானிய நஞ்சு வைத்துவிட்டுப் பலன் இல்லை என்று புலம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளியில் எளிதாகக் கிடைக்கும் சாக்பீஸ் தூளை மாலையில் சுவரோரம் மெல்லத் தூவி வையுங்கள். மறுநாள் காலையில் கால் தடம், வால் கோடு, வந்த வழி, போன வழி எல்லாம் தெரியும். வெளியே இருக்கும் வளைகளின் வாயை மண்ணால் மூடிவிட்டு மறுநாள் எவை திறந்திருக்கின்றன என்று பார்த்தால் எந்த வளையில் உயிர் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு அடைப்பு. பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும்; 6 மி.மீ.க்கு மேற்பட்ட எந்த இடைவெளியையும் விடக் கூடாது. கதவின் அடியில் தகரப் பட்டை, ஜன்னலுக்கும் வாய்க்காலுக்கும் கம்பி வலை, குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட். வெறும் துணியும் தெர்மாகோலும் எலிக்குத் தடையே அல்ல. வளையை மூடுமுன் உள்ளே பாம்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் நாகமும் விரியனும் வருவது நமக்குத் தெரிந்ததுதான். 2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில், வகுப்பறை ஓட்டையில் இருந்த பாம்பு கடித்து ஒரு சிறுமி இறந்தாள். வகுப்பறைத் தரையில் ஓட்டையைக் கண்டால், நம் வேலை ஒப்பந்தத்தில் அது இருக்கிறதோ இல்லையோ, அன்றே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

வளை தோண்டுவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர்கள் மண்ணைப் பார்த்தே எந்த வாய் நுழைவு, எது தப்பும் வழி என்று சொல்லிவிடுவார்கள். ஒரு சொட்டு நஞ்சு இல்லாமல் விளையாட்டு மைதானத்தைச் சுத்தப்படுத்தித் தருவார்கள். அவர்களைத் தினக்கூலிக்கு அழைத்து அரைக்கூலி கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கையுறை, காலணி, நம் தொழில்நுட்பருக்குத் தரும் அதே கூலி என்று கொடுத்தே அழைக்க வேண்டும்.

இனி மருந்து. துத்தநாக பாஸ்பைடுக்கு நஞ்சுமுறி மருந்து கிடையாது. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடவும் தொடாது. பள்ளிக்குள் அதற்கு இடமே இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது எந்தக் கடையில் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வளையில் போட்டு மூடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2010இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு அருகே வளையில் போட்ட அந்த மருந்தின் வாயு உள்ளே புகுந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் ஆள் வசிக்கும் கட்டடத்திலிருந்து 100 அடிக்குள் வளையில் அதைப் போடுவது தடை செய்யப்பட்டது. நம் வீட்டு வாசலிலேயே, 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வைத்தவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் மூடிய அறையில் மருந்து வைக்கத் துணிகிறவர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பள்ளிச் சமையலறையில் பூச்சிக்கொல்லி என்ன செய்யும் என்பதற்கு 2013இல் பீகாரின் சாப்ரா அருகே மதிய உணவு தின்று இறந்த 23 குழந்தைகளைவிட வேறு சாட்சி வேண்டுமா? மிச்ச மருந்தை உணவுக் கிடங்கில் வைத்துவிட்டு வருவது எந்தக் காரணத்துக்காகவும் நடக்கக் கூடாது.

அடைப்பு முடிந்த பிறகும் தொல்லை இருந்தால், புரோமடையலோன் கேக்கைப் பூட்டிய பெட்டிக்குள், பெட்டியைத் தரையோடு பிணைத்து, கட்டடத்துக்கு வெளியே, பிள்ளைகள் புழங்காத பக்கத்தில் வைக்கலாம். அதற்கும் நிபந்தனை உண்டு. அது இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் நஞ்சு. எலி சாக நாலைந்து நாள் ஆகும், ஒரு குழந்தை தெரியாமல் தின்றாலும் அறிகுறி தெரியச் சில நாள் ஆகும். வைட்டமின் கே1 அதற்கு நஞ்சுமுறி. ஆனால் எந்த நஞ்சு என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் அதைக் கொடுக்க முடியும். ஆகவே மருந்தின் பெயர், அளவு, பெட்டி எண், வைத்த தேதி, நம் தொலைபேசி எண் எல்லாம் தமிழில் தட்டச்சு செய்து தலைமை ஆசிரியர் அறையில் ஒட்டாமல் வளாகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. செத்த எலியைத் தின்ற ஆந்தையும் பூனையும் நாயும் அதே நஞ்சைச் சுமக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கட்டடத்துக்குள் பொறிதான். எலி புதுப்பொருளைக் கண்டால் சில நாள் விலகியே நடக்கும். அதனால் முதலில் கூண்டைத் திறந்தபடியே மசால் வடையோ கருவாடோ வைத்துப் பழக்கி, பிறகு இழுத்து மாட்ட வேண்டும். முதல் மணி அடிக்கும் முன்பே பார்த்து அகற்றியாக வேண்டும். பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்க்கவும் கல்லெறியவும் ஒரு பிராணியை நாம் விட்டுவைக்கக் கூடாது. ஒட்டுப்பலகையை நாங்கள் அறவே வேண்டாம் என்கிறோம். உயிரோடு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கத்துகிற ஒன்றைக் குழந்தைகள் பார்க்கும் இடத்தில் வைக்க எந்த நியாயமும் இல்லை.

புழுக்கை கூட்டுவதிலும் கவனம் வேண்டும். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் எலி மூத்திரம் கலந்த நீர் தேங்கினால் காலில் சிறு வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றும். மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளுக்கு அது எளிதில் வரும். புழுக்கை கூட்டும் வேலையை மாணவர்களிடம் விடும் பள்ளிகள் இருக்கின்றன. கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களில் கொத்தனாரும் பிளம்பரும் இருப்பார்கள். எங்கே அடைக்க வேண்டும் என்று சுண்ணாம்பால் குறியிட்டு வரைபடம் போட்டுத் தருவது நம் வேலை, அடைப்பது அவர்கள் வேலை என்று பிரித்துக்கொண்டால் செலவு பள்ளி மானியத்துக்குள் அடங்கும். நம் ரசீதிலும் கேக் எத்தனை என்பதற்குப் பதிலாக ஆய்வு, அடைத்த ஓட்டை, மூன்று மாதம் தொடர்ந்து பார்வையிடல் என்று எழுதுங்கள். மருந்து மட்டும் போதும் என்று அடம்பிடிக்கும் பள்ளியின் வேலையை மறுத்துவிடுங்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

காலமும் நம் கையில்தான் இருக்கிறது. மே மாதம் சமையல் நின்றுவிடும். தீனி இல்லாத எலி பொறி இரையைத் தயங்காமல் எடுக்கும், வகுப்பறையில் பிள்ளைகள் இல்லை, கொத்தனார் வேலைக்கு இடைஞ்சலும் இல்லை. ஆகவே ஏப்ரல் தேர்வு முடியும் முன்பே தலைமை ஆசிரியரைப் பார்த்துத் தேதி வாங்குங்கள். சத்துணவு அமைப்பாளரிடம் மிச்ச அரிசியை விடுமுறைக்கு மூட்டையில் விடாமல் தகர டிரம்முக்கு மாற்றச் சொல்லுங்கள். விடுமுறையில் கிடங்குச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.