டிக்கெட்டை மாற்றிய அம்மாள்

கதை எழுதி அனுப்பும் சகோதரிகள் பலர் கதையோடு ஒரு கடிதமும் இணைத்து அனுப்புகிறார்கள். அதில் ஒரு வாசகம் பெரும்பாலும் இருக்கும். "நான் வீட்டை விட்டு எங்கும் போனவள் அல்ல. நாலு இடம் பார்த்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்."

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றும். பாவம், உண்மைதானே என்பது ஒன்று. நாலு இடம் பார்த்துவிட்டு வந்தவர்களின் கட்டுரைகளையும் நாங்கள்தானே படிக்கிறோம் என்பது மற்றொன்று! தாஜ்மகால் நிலா வெளிச்சத்தில் பாலாகப் பொழிந்தது என்று இதுவரை எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? ஆக்ராவுக்குப் போனவர் எழுதினாலும், போகாமல் காலண்டரில் பார்த்தவர் எழுதினாலும், பால் என்னவோ ஒரே பால்தான்.

அப்படியானால் பிரயாணம் எழுத்தாளருக்கு என்னதான் கொடுக்கிறது? இதற்கு அகதா கிறிஸ்டி அம்மாளைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று நினைக்கிறேன். அவருடைய துப்பறியும் நாவல்களை அடுப்படியில் வைத்துப் படித்துக் குழம்பைத் தீயவிட்ட நேயர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆகையால் அறிமுகம் தேவையில்லை.

1922ல் அவர் கணவர் ஆர்ச்சிபால்டு கிறிஸ்டியுடன் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, ஹவாய்த் தீவு, கனடா என்று ஏறக்குறையப் பத்து மாதம். பலகைமேல் நின்று கடல் அலையில் சவாரி செய்யக்கூடக் கற்றுக்கொண்டார். அந்தக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கிய மேஜர் பெல்ச்சர் என்பவர், "என்னையும் உன் நாவலில் போடு, போடு" என்று பிடுங்கி எடுத்தாராம். போட்டார். 1924ல் வந்த 'பழுப்பு உடை மனிதன்' நாவலில் அவருக்கு ஒரு 'ஸர்' பட்டமும் கிடைத்தது. நாவல் விறுவிறுப்பாக இருக்கும். அவ்வளவுதான்.

பிறகு 1926 வந்தது. ஏப்ரல் மாதம் தாயார் காலமானார். அந்தத் துக்கம் ஆறுமுன், தம் மனம் வேறொரு பெண்ணிடம் போய்விட்டது என்று கணவர் தெரிவித்தார். டிசம்பரில் ஓர் இரவு கிறிஸ்டி அம்மாள் வீட்டை விட்டுப் போனவர், பதினொரு நாள் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. போலீசும் பத்திரிகைகளும் தேடு தேடு என்று தேடி, கடைசியில் ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதினொரு நாட்களைப் பற்றி அவர் தம் சுயசரிதையில்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத்தாளர் தம் அனுபவத்தை எல்லாம் எழுத வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அடுத்த வருஷத் தொடக்கத்தில் சிறு பெண் ரோஸலிண்டையும் காரியதரிசியையும் அழைத்துக்கொண்டு கானரித் தீவுகளுக்குப் போனார். பணம் வேண்டியிருந்தது, ஒரு நாவலை முடித்தே ஆக வேண்டும். நீலக் கடல், நல்ல காற்று, அழகான தீவு. அங்கே உட்கார்ந்து, ரயிலில் நடக்கும் ஒரு கொலைக் கதையை ஒரு வரிக்கூட ரசிக்காமல் எழுதி முடித்தார். அதுதான் 1928ல் வெளிவந்த 'நீல ரயில் மர்மம்'. கடைசி வரையில் அந்தப் புத்தகம் அவருக்கே பிடிக்காது. இயற்கைக் காட்சி எழுத்தை வளர்க்கும் என்று நம்புகிறவர்கள் கானரித் தீவுகளை ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

1928ல் விவாகரத்தும் ஆயிற்று. அந்த இலையுதிர் காலத்தில், மகள் பள்ளிக்கூட விடுதியில் இருக்க, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வரலாம் என்று டிக்கெட் வாங்கினார். புறப்பட இரண்டே நாள் இருக்கும்போது ஒரு விருந்து. அங்கே, பாக்தாதிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஒரு கடற்படை அதிகாரியும் அவர் மனைவியும் அந்த நகரத்தைப் பற்றிப் பேசினார்கள். கிறிஸ்டி அம்மாள் கப்பலில்தான் அங்கே போக முடியும் என்று நினைத்திருந்தார். "ஏன், ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் போகலாமே!" என்றார்கள்.

மறுநாள் காலையில் குக் கம்பெனிக்குப் போய் மேற்கிந்தியத் தீவு டிக்கெட்டுகளை ரத்துச் செய்துவிட்டார். இஸ்தான்புல் வரையில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ், அங்கிருந்து ரயிலில் டமாஸ்கஸ், பிறகு பாலைவனத்தின் குறுக்கே பஸ். "தனியாகவா?" என்று காரியதரிசி கவலைப்பட்டாள். தனியாகத்தான். வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் தாயாரோ, கணவரோ, தோழியோ கூட இல்லாமல் அவர் இப்படிப் புறப்பட்டதில்லை.

ஆனால் தனிமை அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுமா? வண்டியில் ஓர் ஆங்கிலேய அம்மாள் அகப்பட்டாள். பாக்தாதிலேயே குடியிருப்பவள். "ஹோட்டலில் நீங்கள் தங்குவதா? என் வீட்டுக்கு வராமல் எங்கே போவீர்கள்?" என்று உபசாரப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். (இந்த அம்மாளை நமக்கும் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருப்பாள்!) இங்கிலாந்தில் இருந்த அதே தேநீர், அதே டென்னிஸ், அதே வம்பு. இந்தத் துரைசானி உலகத்திலிருந்து தப்பிப்பதற்காகவே கிறிஸ்டி அம்மாள் தெற்கே, புதைபொருள் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த இடத்துக்கு ஓடினார். அந்த ஊரின் பெயர் 'ஊர்'. நான் விளையாடவில்லை, பெயரே அதுதான்.

அங்கே தோண்டிக்கொண்டிருந்தவர் லியோனார்டு ஊல்லி. பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே அவர்களுக்கு அலுப்பு. ஆனால் அவர் மனைவி காதரின் ஊல்லி அப்போதுதான் கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டு' நாவலைப் படித்து முடித்திருந்தாள். ராஜோபசாரம் நடந்தது. மறுபடியும் வாருங்கள் என்று அழைப்பும் கிடைத்தது.

1930ல் மறுபடியும் போனார். இந்தத் தடவை, மாக்ஸ் மல்லோவன் என்ற இளம் உதவியாளரிடம், விருந்தாளிக்கு வழியில் உள்ள இடங்களைக் காட்டிப் பாக்தாதுக்கு அழைத்துப் போகும்படி காதரின் கட்டளை இட்டாள். காதரின் கட்டளைக்கு அங்கே மறுபேச்சுக் கிடையாது. வழியில் பாலைவனத்தில் கார் மணலில் புதைந்துவிட்டது. மல்லோவனும் மற்றவர்களும் சக்கரத்தோடு மல்லுக்கட்டினார்கள். கிறிஸ்டி அம்மாள் ஒரு புகார் சொல்லவில்லை, பெருமூச்சு விடவில்லை. காரின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார்! இப்படிப்பட்ட பெண்ணைத்தான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அந்த நிமிஷமே தீர்மானித்ததாக மல்லோவன் பின்னால் சொன்னார். செப்டம்பரில் எடின்பரோவில் விவாகம் நடந்தது. அவருக்கு இருபத்தாறு, அம்மாளுக்கு நாற்பதாகச் சில நாள் பாக்கி. பேசுகிறவர்கள் பேசியிருப்பார்கள். அம்மாள் 1976ல் காலமாகும் வரையில் நாற்பத்தைந்து வருஷம் அந்தத் தாம்பத்தியம் நீடித்தது.

இனி எழுத்துக்கு வருவோம். 1931 டிசம்பரில் கணவரை நினிவேயில் வேலைக்கு விட்டுவிட்டு, தனியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். பெருமழை பாதையை அரித்துவிட்டதால் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் தாமதம். அந்தப் பிரயாணத்தைப் பற்றிக் கணவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மழையைப் பற்றிக் கொஞ்சம்; மனிதர்களைப் பற்றித்தான் நிறைய. ஓயாமல் குறைப்படும் ஓர் அமெரிக்க அம்மாள், பெரிய உடம்பும் உல்லாசப் பேச்சுமாக ஓர் இத்தாலியர், ஒரு ஹங்கேரிய மந்திரியும் அவர் மனைவியும், மதப் பிரசாரத்துக்குப் போய்த் திரும்பும் இரண்டு டேனிஷ் பெண்மணிகள், ரயில் கம்பெனி டைரக்டர் ஒருவர். வண்டி நின்றதும் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள், யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டார்.

1929ல் துருக்கியில் அதே வண்டி பனியில் பல நாள் சிக்கிக்கொண்டது பத்திரிகையில் வந்த செய்தி. அந்தப் பனியை எடுத்து, தாம் கண்ட மனிதர்கள்மேல் பொழியவிட்டார். 1934ல் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் கொலை' பிறந்தது. மூச்சுக்கு முந்நூறு தடவை "என் பெண் சொல்வாள்" என்று பேசும் ஹப்பார்டு அம்மாளைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். எழும்பூரில் வண்டி ஏறியதிலிருந்து மதுரை வரையில் மாப்பிள்ளையின் சம்பளத்தையே பேசிக்கொண்டு வரும் மாமிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? (கொலை செய்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. பயம் வேண்டாம்.) இதையும் நீல ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் ரயில்தான் ஓடுகிறது.

பிறகு வருஷா வருஷம் கணவரோடு இராக்குக்கும் சிரியாவுக்கும் போனார். வேடிக்கை பார்க்க அல்ல, வேலை செய்ய. இருட்டறையில் புழுங்கிப் போட்டோ கழுவினார். பானை ஓடுகளைத் துடைத்து அடுக்கினார். நினிவேயில் டைப்ரைட்டரை வைக்க ஒரு நல்ல மேஜை வேண்டும் என்று சொந்தப் பணத்தில் வாங்கியதற்கு, இப்படியும் ஒரு வீண் செலவா என்று கோஷ்டித் தலைவர் முகத்தைச் சுளித்தார். அம்மாள் அசையவில்லை. அந்த மேஜையில் ஒரு நாவலையே முடித்தார். பின்னால் நிம்ருதில், சுமார் 2,700 வருஷம் மண்ணுக்குள் கிடந்த தந்தச் சிற்பங்கள் அகப்பட்டபோது, விரிசலுக்குள் இருக்கும் மண்ணை எடுக்க அவருக்குக் கிடைத்த சிறந்த கருவிகள் எவை தெரியுமா? மெல்லிய பின்னல் ஊசி ஒன்று. முகத்துக்குப் பூசும் கிரீம் ஒரு டப்பா. கிரீம் எல்லாம் சிற்பங்களுக்கே செலவாகி, தம் முகத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

1936ல் வந்த 'மெஸபொடேமியாவில் கொலை' இந்த வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், மாதக்கணக்கில் பத்துப் பேர் அடைந்து கிடந்தால் வெண்ணெய்ப் பாத்திரத்தைத் தள்ளும் மரியாதையிலேயே எப்படி விரோதம் தெரியும் என்பதைக் கூட இருந்தவரால்தான் எழுத முடியும். அதில் எல்லாரையும் ஆட்டிவைக்கும் அழகி லைட்னர் அம்மாள், காதரின் ஊல்லியின் வார்ப்பு என்பது நண்பர்களுக்குத் தெரிந்துபோயிற்று. நல்ல வேளை, காதரினுக்கு மட்டும் தெரியவில்லை. தம்மைத் தாமே அடையாளம் கண்டுகொள்பவர்கள் எங்குமே குறைவு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த நாவலில் இராக் தேசம் இருக்கிறது, இராக்கியர் இல்லை. பானை கழுவும் பையனும் மண் சுமக்கும் ஆட்களும் ஓரமாக வந்து போகிறார்கள். சந்தேகப்படுவதற்குக்கூட ஐரோப்பியர்கள்தான் லாயக்கு! சிரியா வாழ்க்கையைப் பற்றி அவர் 1946ல் வெளியிட்ட பிரயாண நூலில் சமையற்காரர், டிரைவர், கூலியாட்கள் எல்லாரும் நன்றாகவே பேசுகிறார்கள். நாவலுக்குள் வரும்போது மட்டும் ஊமைகள் ஆகிவிடுகிறார்கள். நம் ராஜம் கிருஷ்ணன், தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் அங்கே வேலை செய்கிறவர்களை நேரில் கண்டு 'கரிப்பு மணிகள்' எழுதினார். அங்கே கதையே அவர்களுடையதுதான். இந்த இடத்தில் என் ஓட்டு ராஜம் கிருஷ்ணனுக்கே.

"எல்லாம் சரி, எங்களுக்குப் பாக்தாதுக்கு யார் டிக்கெட் வாங்கித் தருவார்கள்?" என்று அந்தச் சகோதரிகள் கேட்பது காதில் விழுகிறது. கிறிஸ்டி அம்மாளுக்கு எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயன்பட்ட அனுபவம் பாக்தாதில் கிடைத்ததே அல்ல. பிறந்த ஊரான டார்க்கேயில் கிடைத்தது. முதல் உலக யுத்தத்தின்போது அங்கே ஆஸ்பத்திரியில் முதலில் நர்ஸாகவும், பிறகு மருந்து கலக்கும் அறையிலும் வேலை பார்த்தார். நம் பாஷையில் கம்பவுண்டர். மருந்து மேஜையில் வேலை இல்லாத நேரங்களில்தான் முதல் துப்பறியும் நாவலுக்கு யோசனை ஓடியது. சுற்றிலும் விஷப் புட்டிகள் இருக்கும்போது வேறு எதைப் பற்றி யோசிக்க முடியும்?

பயிற்சிக்காக ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமும் போய்க் கற்றுக்கொண்டார். ஒரு நாள் அந்த மனிதர் கணக்கில் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு, ஒரு மருந்தில் விஷச் சரக்கைப் பத்து மடங்கு சேர்த்துவிட்டார். பயிற்சிக்கு வந்த பெண் கெட்டிக்காரரிடம் போய், "நீங்கள் தப்பு" என்று சொல்ல முடியுமா? அகதா தடுக்கி விழுவதுபோல் தட்டைக் கவிழ்த்து, கீழே விழுந்தவற்றைக் காலால் நன்றாக மிதித்துவிட்டு, "ஐயோ, மன்னியுங்கள்!" என்றார். மருந்து புதிதாகச் செய்யப்பட்டது. அதே மனிதர் இன்னொரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கட்டியை எடுத்துக் காட்டினார். 'குராரே' என்னும் கொடிய விஷம். அதைப் பையில் வைத்திருந்தால் தமக்குப் பலம் வந்தாற்போல் இருக்கிறது என்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதர் அவர் நினைவில் இருந்தார். 1961ல் வெளிவந்த 'வெளிறிய குதிரை' என்ற நாவல் அவரிடமிருந்து முளைத்தது. அதற்குள் இரண்டாம் யுத்தமும் வந்து, லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தறையில் மறுபடியும் சில வருஷம் வேலை பார்த்திருந்தார். தாலியம் என்ற விஷம் உடம்பில் என்ன செய்யும், தலைமயிர் எப்படிக் கொட்டும் என்பதை எல்லாம் அந்த நாவலில் ஒரு கம்பவுண்டரின் கவனத்தோடு எழுதியிருந்தார்.

1977ல், அவர் காலமான மறு வருஷம், கட்டார் தேசத்திலிருந்து ஒரு கைக்குழந்தையை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். என்ன வியாதி என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை. குழந்தையின் நிலைமை மோசமாகிக்கொண்டே போயிற்று. அந்த வார்டில் இருந்த நர்ஸ் அப்போது 'வெளிறிய குதிரை'யைப் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலைமயிர் கொட்ட ஆரம்பித்ததும், இது தாலியமாக இருக்கலாமே என்று டாக்டர்களிடம் சொன்னாள். பரிசோதித்துப் பார்த்தார்கள். தாலியமேதான். சிகிச்சை மாறியது. குழந்தை பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தது.