இல்லாளும் இல்லானும்

மணவிழா மேடைகளில் ஒரு விளக்கத்தைத் தவறாமற் கேட்கிறோம். இல்லத்தை ஆள்பவள் இல்லாள் என்பார்கள். சபை கைதட்டும், இலக்கணம் கைதட்டாது. ‘ஆள்’ அங்கே பெண்பால் விகுதி. ஆட்சியும் இல்லை, செங்கோலும் இல்லை. இல்லத்துக்கு உரியவள் என்பதே பொருள். அதே விதிப்படி ஆண்பால் விகுதி சேர்த்தால், இல்லத்துக்கு உரியவன் இல்லான் ஆதல் வேண்டும். வழக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. இல்லான் என்றால் பொருளில்லாத வறியவன்.

ஆகவே, வீட்டுவேலை பெண்ணுக்கே என்று மொழியே தீர்த்துவிட்டது என்பார் எனது நண்பரான பண்டிதர் ஒருவர். தீர்ப்பு அவ்வளவு எளிதன்று. வள்ளுவர் ‘இல்வாழ்வான்’ என்று ஒருவனை நிறுத்துகிறார். துறந்தாரையும் வறியாரையும் தாங்கும் கடமை அவன் தலைமேலது. விருந்தோம்பலும் அவனுக்குரிய அறமே. அறம் அவனுடையது, உலை வைக்கும் கை யாருடையது?

சமையல் ஆண்மைக்கு இழுக்கு என்பாரும் உளர். நளபாகம், வீமபாகம் என்று நாம் நாவூறச் சொல்லும் இரண்டும் ஆடவர் பாகங்கள். நளன் இருதுபன்னனிடம் வாகுகனாய் நின்று அட்டான். வீமன் விராடனுடைய அட்டிலிற் கரண்டி பிடித்தான். கோயில் மடைப்பள்ளியிலும் கலியாணப் பந்தலின் பின்புறத்திலும் அடுப்பின் முன் நிற்பவர் ஆடவரே. கரண்டி ஆணின் கைக்குப் பகையன்று. கூலியோ புகழோ உள்ள இடத்தில் அவன் அதனைப் பிடிப்பான். இரண்டும் இல்லாத வீட்டுக் குசினியில் ‘எனக்குத் தெரியாது’ என்பான். தமயந்திபாகம் என்று ஒன்றை எவரேனும் கேட்டதுண்டா?

குறுந்தொகையின் 167 ஆம் பாட்டை நான் வகுப்பில் விரும்பி நடத்துவேன். கூடலூர் கிழார் பாடியது. புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்த துகிலிலே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணிற் படச் சமைக்கிறாள். கணவன் உண்டு, இனிதென்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அதன் அழகை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் அது புதுமணத்தின் பாட்டு. இருபது ஆண்டு கழித்து, புகை நிற்க, ‘இனிது’ என்ற சொல் மாத்திரம் நின்றுபோன வீட்டை அது பாடவில்லை. என் மாணவிகள் அந்த வீட்டையும் அறிவார்கள்.

நம் பாடசாலைகளில் இன்று ஆசிரியைகளே பெரும்பான்மையினர். ஆசிரியை விடியுமுன் எழுந்து, பிட்டவித்து, சம்பல் இடித்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொடுத்து, மணியடிக்குமுன் வகுப்பில் நிற்கிறார். அதே தொழிலும் அதே சம்பளமும் உடைய கணவர் அதற்குள் பத்திரிகை முழுவதையும் வாசித்து முடித்திருப்பார். மாலையில் இலக்கியக் கூட்டத்துக்கும் வருவார். கூட்டங்களிற் பெண்களைக் காணோமே என்று கவலைப்படுபவரும் அவரே! அந்த ஆசிரியை எழுதியிருக்கக்கூடிய கட்டுரை பிட்டின் ஆவியோடு போயிற்று என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை.

‘நான் வீட்டில் உதவி செய்கிறேன்’ என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். இச்சொல்லை நான் ஏற்பதில்லை. பிறர் வேலைக்குக் கைகொடுப்பதே உதவி. தான் உண்ணும் சோற்றுக்குத் தான் அரிசி களைவது உதவியாகுமா? தேங்காய் துருவுதல், பாத்திரம் துலக்குதல், முற்றம் கூட்டுதல் ஆகியவற்றைக் கணவனும் மனைவியும் நாள்முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். மகளிடம் விளக்குமாற்றையும் மகனிடம் துவிச்சக்கரவண்டியையும் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

அடுத்த இலக்கியக் கூட்டத்தை ஞாயிறு மாலையில் வைக்கலாமா என்று செயலாளர் கேட்டிருக்கிறார். அன்றிரவு யார் சமைப்பது என்று அவரவர் வீட்டிற் கேட்டறிந்து வந்து சொல்லட்டும், பிறகு நாள் குறிப்போம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.