கட்டி முடியாத கப்பலுக்குக் காசு



"சம்பளம் வந்த மறுநாளே மகன் கணினியில் விண்வெளிக் கப்பல் வாங்குகிறான். கேட்டால், கப்பல் இன்னும் கட்டி முடியவில்லை, அடுத்த அடுத்த புதுப்பிப்பில் வரும் என்கிறான். இது என்ன கூத்து ஐயா?" என்று ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார். பையன் பட்டணத்துத் தொழிற்சாலையில் உழைப்பவன். அவன் காசு, அவன் பொழுதுபோக்கு. ஆனாலும் அம்மாளின் கேள்வி நியாயமானது.

விளையாட்டின் பெயர் 'ஸ்டார் சிட்டிசன்'. 1990-ல் 'விங் கமாண்டர்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டைச் செய்து பெயர் வாங்கிய கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர், 2012 அக்டோபரில் பொதுமக்களிடமே பணம் திரட்டி இதைத் தொடங்கினார். 2014-ல் முடித்துத் தருவதாகப் பேச்சு. நூறு நட்சத்திர மண்டலங்கள் இருக்கும் என்றும் சொன்னார்கள். 2014 வந்தது, போயிற்று. இரண்டாவது மண்டலமான பைரோ திறக்கப்பட்டதே 2024 டிசம்பரில்தான். வசூலோ நிற்கவில்லை, 2025-ல் 80 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அப்போதும் விளையாட்டு சோதனை நிலையிலேயே இருந்தது.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. கட்டிலிலிருந்து எழுந்து, நடந்து, கப்பலேறி, தரையைவிட்டு வானத்திற்கு இடையில் திரை மாறாமலே போகலாம். இதைச் செய்துகாட்டிய விளையாட்டுகள் சிலவே. 2024 புதுப்பிப்பில் வந்த பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதுவரை ஓர் உலகம் முழுவதையும் ஒரே கணினி சுமந்தது. நூறு பேருக்கு மேல் தாங்குவது கடினம். ஒரே கங்காணி தோட்டம் முழுவதையும் பார்த்தால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. இப்போது பல கணினிகள் ஆளுக்கொரு பகுதியைப் பார்க்கின்றன. ஆட்டக்காரர் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது அவருடைய பெயரும் சரக்கும் விடுபடாமல் கைமாற வேண்டும். பல வருடம் இழுத்த வேலை இதுதான். வந்த பிறகும் கோளாறுகள் நிறைய இருந்தன. அதனால்தான் 2025-ஐப் புதுச் சரக்கைவிடப் பழையதைச் செப்பனிடும் ஆண்டாக நிறுவனமே அறிவித்தது.

அப்படியானால் வரப்போகும் புதுப்பிப்புகளை எப்படி எடுத்துக்கொள்வது? நிறுவனத்தின் செய்கையே விடை சொல்கிறது. எது எப்போது வரும் என்று காலாண்டு வாரியாக ஓர் அட்டவணையை அது வெளியிட்டு வந்தது. 2022 பிப்ரவரியில் அதிலிருந்த தூரத்துத் திட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டது. திட்டத்தைச் சிலர் வாக்குறுதியாக எண்ணிக்கொள்கிறார்களாம்! காசு வாங்கும்போது அந்த எண்ணம் உதவியது. கணக்குக் கேட்கும்போது உறுத்தியதுபோலும். ஆகவே அடுத்த காலாண்டுக்கு என்று சொல்வதைப் பாதி நம்பலாம். அதற்கு அப்பால் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. 2013-ல் விற்பனைக்கு வந்த 'மெர்ச்சன்ட்மேன்' என்ற வணிகக் கப்பல் 2024 முடியும்வரை பறக்கவில்லை. வாங்கியவர்களுக்கு அதுவரை வேறொரு கப்பலை இரவல் கொடுத்தார்கள்.

'நோ மேன்ஸ் ஸ்கை' என்று இன்னொரு விண்வெளி விளையாட்டு உண்டு. இங்கிலாந்தில் ஒரு சிறு குழு செய்தது. 2016 ஆகஸ்டில் வெளிவந்தபோது, ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் நின்ற இருவர் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். அக்குழு பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையில் இறங்கியது. 2018 ஜூலையில் சேர்ந்து விளையாட வழி வந்தது. 2025 ஜனவரியில் ஆழ்கடல்களும் வாயுக் கிரகங்களும் வந்தன. அதே ஆகஸ்டில் நண்பர்களோடு ஏறிப் போகும் பெரிய கப்பலைச் சொந்தமாகக் கட்ட முடிந்தது. ஒரு தடவை வாங்கியவர்களுக்கு இவ்வளவும் இலவசம். என் மதிப்பெண் இவர்களுக்கே.

அம்மாளின் மகனுக்குச் சில விவரங்கள். 2025-ல் உள்ளே நுழைய 45 டாலர், அப்போது ஏறக்குறைய 200 வெள்ளி, கொடுத்துச் சிறு கப்பல் ஒன்று வாங்கினால் போதுமாக இருந்தது. பறக்கும் நிலையிலுள்ள மற்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றை விளையாட்டுக்குள்ளேயே உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கலாம். சிற்சில சமயம் அந்தச் சேமிப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். உண்மைக் காசில் வாங்கிய கப்பல் மட்டும் மிஞ்சும். பிள்ளைகள் சம்பளத்தைக் கொட்டுவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். வாங்கி மனம் மாறினால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விளையாட்டை இறக்கிக்கொள்ள 100 கிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். தோட்டத்து அலைவரிசையில் அதை இறக்கினால் மாதத் தரவு முழுவதும் போய்விடும். பட்டணத்து அறையில் இறக்கட்டும்.

மே, நவம்பர் மாதங்களில் பெரும்பாலும் சில நாட்கள் யார் வேண்டுமானாலும் காசின்றி விளையாடிப் பார்க்க விடுவார்கள். புதுக் கப்பல்களைக் கண்காட்சியில் வைத்து விற்பதும் அதே நாட்களில்தான்.