கள்வன் குற்றமும் காவலன் குற்றமும்

வெளியூர் புறப்படும் பெண்ணொருத்தி தன் நகைப்பெட்டியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வதாக எண்ணிக்கொள்வோம். அவள் திரும்பி வரும்போது பெட்டி களவு போயிருக்கின்றது. "நாங்கள் என்ன செய்வோம்? கள்வன் வந்தான், கொண்டு போனான். புகுந்தது எங்கள் வீட்டில்தானே?" என்கின்றனர் அண்டை வீட்டார். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு என்றே நாம் நினைப்போம். ஆனால், புழக்கடைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது என்றும், இரண்டு மாதங்களுக்கு முன்பே காவலர் அதைச் சுட்டிக்காட்டினார் என்றும், புதுத் தாழ்ப்பாள் இலவசமாகவே கிடைத்தது என்றும், அதை மாட்ட எவரும் எழுந்திருக்கவில்லை என்றும் அறிய நேர்ந்தால்? கள்வன் மீதுள்ள சினம் அதனால் குறையப் போவதில்லை. ஆயினும், அண்டை வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அப்போது பிறந்துவிடுகின்றது.

இந்நாளில் நாம் பிறரிடம் ஒப்படைத்திருக்கும் பெட்டியில் நகைகள் இல்லை. பெயர், பிறந்த நாள், முகவரி, கைபேசி எண், வங்கிக் கணக்கு, நோயின் விவரம் என நம் வாழ்வின் குறிப்புகளே இருக்கின்றன. அவற்றைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் எனப்படும் கணினிக் கள்வர் புகுந்து அள்ளிச் செல்லும்போதெல்லாம் மூன்று விடைகள் நம்முன் வைக்கப்படுகின்றன. கள்வனே குற்றவாளி என்பது ஒன்று. யாரோ ஓர் ஊழியர் செய்த பிழை என்பது மற்றொன்று. வாடிக்கையாளரே கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றிலும் சிறிது உண்மை உண்டு. அச்சிறிய உண்மையின் நிழலில் பெரிய பொறுப்பு ஒன்று ஒளிந்துகொள்கின்றது. பிறர் பொருளைக் காக்கும் கடமையை ஏற்றவன், அதிலும் அப்பொருளால் ஆதாயம் அடைபவன், கள்வனைச் சுட்டிக்காட்டித் தன் கடமையினின்று விடுபட முடியாது என்பதே நாம் இங்கு நிலைநாட்ட விரும்புவது.

உவமையோடு நின்றுவிடாமல், நன்கு விசாரிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தலைமையகம் கொண்ட ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் 1899ஆம் ஆண்டில் தோன்றியது. யார் யார் கடன் பெற்றனர், ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினரா என்னும் விவரங்களைத் திரட்டி, வங்கிகளுக்கும் கடன் தரும் பிறருக்கும் விற்பது அதன் தொழில். 2017ஆம் ஆண்டு அதன் கணினிகளிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்கள் களவாடப்பட்டன. பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றோடு, அந்நாட்டில் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் அடையாளமாக விளங்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அவற்றுள் அடங்கும். கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளை எவ்வாறு மாற்றுவது?

அக்களவு நிகழ்ந்த விதத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும். அந்நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் பெரியதோர் ஓட்டை இருப்பது 2017 மார்ச் 7 அன்று உலகறிய அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் திருத்தமும் உடன் வெளியிடப்பட்டது. அதற்கு விலை ஏதும் இல்லை. மறுநாளே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் எச்சரிக்கை வந்தது. மார்ச் 9 அன்று, 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என நிறுவனத்துக்குள்ளேயே மின்னஞ்சலும் அனுப்பப்பட்டது. ஆனால், தம்மைப் பற்றிய கடன் விவரங்களில் பிழை கண்ட பொதுமக்கள் முறையிடுவதற்கென அமைந்திருந்த வலைத்தளத்தில் அத்திருத்தம் செய்யப்படவே இல்லை. ஓட்டையைத் தேடி நடத்திய சோதனையும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மே மாத நடுவில் அவ்வழியே நுழைந்த கள்வர் 76 நாள்கள் உள்ளேயே உலவினர். மறையாக்கம் செய்யாமல் வைத்திருந்த கடவுச்சொற்கள் அங்கே அவர்கள் கையில் அகப்பட்டன. அவற்றைக் கொண்டு, அந்த வலைத்தளத்தோடு தொடர்பே இல்லாத 48 தகவல் தொகுதிகளை அவர்கள் திறந்தனர்.

அங்கே காவல் இல்லாமலும் இல்லை. உள்ளும் புறமும் செல்லும் தகவலைக் கண்காணிக்கக் கருவி ஒன்று இருந்தது. அது இயங்குவதற்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன. காவற்காரன் வாயிலில் நின்றுகொண்டுதான் இருந்தான். அவன் கண்கள் கட்டப்பட்டிருந்தன. ஜூலை 29 அன்று புதிய சான்றிதழைப் பொருத்தியதும், ஐயத்துக்குரிய நடமாட்டம் உடனே புலப்பட்டது. முற்றிலும் தடுத்திருக்கக் கூடிய நிகழ்ச்சி இது என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் குழு 2018 டிசம்பரில் தன் அறிக்கையில் முடிவு கூறியது.

இப்போது முதல் விடைக்கு வருவோம். இக்களவைச் செய்தவர்கள் எனச் சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது அமெரிக்க நீதித்துறை 2020 பிப்ரவரியில் குற்றம் சாட்டியது. சீன அரசு அதை மறுத்தது. ஒரு நாட்டின் படையே திரண்டு வந்தால் ஒரு நிறுவனம் என்ன செய்ய இயலும் என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்விதான். உடைக்க முடியாத பூட்டு உலகில் இல்லை. இயன்ற அளவு காத்தும் தோற்றுப்போனவனைப் பழிப்பது அறமும் அன்று. ஆனால், இங்கு வந்தவர்கள் மதிலை இடித்துக்கொண்டு வரவில்லை. திறந்து கிடக்கின்றது என ஊரே அறிந்த கதவின் வழியாக வந்தார்கள். போராடித் தோற்பது வேறு. உறங்கித் தோற்பது வேறு. குற்றம் என்பது ஒரு குடத்து நீரும் அன்று, ஒருவர் தலையில் ஊற்றிவிட்டால் மற்றவருக்கு மிச்சமில்லை என்று சொல்வதற்கு. களவாடிய குற்றம் கள்வனுடையது. காக்கத் தவறிய குற்றம் காவலனுடையது. கள்வனின் கொடுமையை எவ்வளவு பெரிதாகப் பேசினாலும் காவலனின் குற்றம் அணுவளவும் குறைவதில்லை.

இரண்டாவது விடையை நிறுவனத்தின் முன்னாள் தலைவரே கூறினார். செப்டம்பர் இறுதியில் பதவியினின்று விலகிய ரிச்சர்டு ஸ்மித், 2017 அக்டோபர் 3 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். திருத்தத்தைச் செய்ய வேண்டியவர்களுக்கு அச்செய்தியை ஒருவர் சேர்ப்பிக்கவில்லை. கணினிச் சோதனையும் தவறிவிட்டது என்பதே அவர் விளக்கத்தின் சாரம். நாம் கேட்கின்றோம்: 14.7 கோடி மக்களின் பெட்டகம் ஒரே ஓர் ஊழியரின் நினைவில் தொங்கிக்கொண்டிருந்தது எனின், அவ்வாறு தொங்கவிட்டவர் யார்? மனிதர் மறப்பது இயல்பு. மறப்பார் என்பதை முன்னறிந்து இரண்டாவது கண்ணையும் மூன்றாவது கண்ணையும் வைப்பதற்காகத்தானே நிர்வாகம் என ஒன்று இருக்கின்றது? பத்தொன்பது மாதங்கள் காலாவதியாகிக் கிடந்த சான்றிதழ் எவரோ ஒருவரின் ஒரு நாள் மறதியன்று. எதற்குச் செலவிடுவது, எதைத் தள்ளிப்போடுவது எனத் தீர்மானிக்கும் அதிகாரம் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்போரிடம் இருந்தது. ஆதாயம் மேலே ஏறும்போது எவரும் ஓர் ஊழியரின் பெயரைச் சொல்வதில்லை. பழி வரும்போது மட்டும் அது கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகின்றது.

மூன்றாவது விடையே நம் உள்ளத்தை மிகவும் புண்படுத்துவது. ஈக்விஃபேக்ஸ் நிகழ்ச்சியில் விவரங்களை இழந்தோருள் மிகப் பலர் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளரே அல்லர். அவர்கள் எதையும் அதனிடம் ஒப்படைக்கவில்லை; வங்கிகளிடமிருந்தும் பிறரிடமிருந்தும் அது தானே திரட்டிக்கொண்டது. அவர்கள் எங்கே கவனமாக இருந்திருக்க முடியும்? மரபணுவைச் சோதித்து உறவினரைக் கண்டறிய உதவும் டுவென்டி த்ரீ அண்ட் மீ என்னும் அமெரிக்க நிறுவனத்தில் 2023ஆம் ஆண்டு நடந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். பல இடங்களில் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தியவர்களே காரணம் என்று அந்நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கடிதம் எழுதினர். அவ்வாறு திறக்கப்பட்ட கணக்குகள் ஏறத்தாழ 14,000. ஆனால், விவரங்கள் வெளியே சென்றதோ 69 இலட்சம் பேருடையவை. ஒரு கணக்குக்குள் நுழைந்தால் உறவினராகக் காட்டப்படும் பலருடைய விவரங்களும் தெரியும்படி அமைத்தது நிறுவனம். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் கட்டாயமாக்காமல் இருந்ததும் நிறுவனம். களவு நடந்த பின்னரே அது கட்டாயமாக்கப்பட்டது. பதினான்காயிரம் பேர் சோம்பியிருந்தனர் என்றே ஒப்புக்கொள்வோம். மற்ற இலட்சக்கணக்கானோர் செய்த பிழை யாது?

களவுக்குப் பிந்திய நடத்தையும் ஒருவரின் உள்ளத்தைக் காட்டிவிடும். ஜூலை 29 அன்று அறிந்ததை ஈக்விஃபேக்ஸ் செப்டம்பர் 7 அன்றுதான் மக்களுக்கு அறிவித்தது. இடையில் நாற்பது நாள்கள். இலவசக் கண்காணிப்புச் சேவை தருகின்றோம் என்றது. அதை ஏற்போர் வழக்குத் தொடரும் உரிமையை இழக்க நேரும் விதி ஒன்று அதன் நிபந்தனைகளுள் இருந்தது. மக்கள் கொதித்தெழுந்த பின்னரே அது விலக்கப்பட்டது. தவித்து நின்ற மக்களுக்கு வழிகாட்டப் புகுந்த அதன் ட்விட்டர் பக்கம், ஒரு முறையன்று, பல முறை ஒரு போலி வலைத்தளத்தின் முகவரியைத் தந்தது. போலித்தளம் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் எனக் காட்டவே ஒருவர் அதை அமைத்திருந்தார் என்பது மக்களின் நற்பேறு.

2019 ஜூலையில் சமரசத் தீர்வு வந்தது. குறைந்தது 57.5 கோடி டாலர், தேவைப்படின் 70 கோடி வரை எனச் செய்திகள் முழங்கின. வேறு கண்காணிப்புச் சேவை ஏற்கெனவே உடையவர்கள் 125 டாலர் வரை கேட்கலாம் என்றனர். அதற்கென ஒதுக்கப்பட்ட தொகையோ 3.1 கோடி டாலர். கணக்கிட்டுப் பார்த்தால், 14.7 கோடிப் பேருள் இரண்டரை இலட்சம் பேருக்குக்கூட முழுத் தொகை எட்டாது. கேட்டோர் பெருகவே, மிகக் குறைந்த தொகையே கிடைக்கும் என அரசின் வணிக ஆணையம் சில நாள்களிலேயே அறிவிக்க நேர்ந்தது.

இது அந்நாட்டுச் செய்தி என நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுள் ஈக்விஃபேக்ஸும் ஒன்று. வங்கிக் கடன் பெற்ற எவருடைய விவரமும் இத்தகைய களஞ்சியங்களில் இருக்கின்றது. வங்கிப் பெட்டகத்தில் வைத்த பொருளைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாகக் கூறியது: வங்கி பொறுப்பைக் கைகழுவிவிட முடியாது. அதன்பின் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, களவு போனால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும்; அத்தொகை பொருளை இழந்தவர் கைக்கே சேரும். நகைக்குக் கிடைத்த இந்த நியாயம் தகவலுக்குக் கிடைத்திருக்கின்றதா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்புச் செய்யத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கின்றது. வரவேற்கின்றோம். ஆனால், அவ்வபராதம் சேர்வது இந்திய அரசின் தொகுப்பு நிதியில். இழந்தவருக்கு இழப்பீடு பெற வழி வகுத்த 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்கின்றது. புண் ஒருவருக்கு, மருந்து மற்றொருவருக்கு என்னும் இந்த ஏற்பாட்டை நாம் எவ்வாறு நியாயம் என்போம்?

ஆகவே, நாம் வேண்டுவன மிகையானவை அல்ல. தேவைக்கு மேல் திரட்டாதிருக்க வேண்டும்; திரட்டாத பொருளை எந்தக் கள்வனும் கொள்ள முடியாது. திரட்டியதைக் காக்க இயலாதவர் அதைக் கொண்டு வாணிகம் செய்யலாகாது. களவு நடந்தால் தாமதமின்றி உரியவருக்கு உரைக்க வேண்டும். தண்டத்தில் ஒரு பங்கேனும் இழந்தவர் கைக்கு வர வேண்டும். பதில் கூறுவோர் வரிசையில் கடைசி ஊழியருக்கு முன்பாகத் தலைவர் நிற்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. துணிக்கடையின் பணம் செலுத்துமிடத்தில் கைபேசி எண்ணையும் பிறந்த நாளையும் கேட்கும்போது, நாம் ஒரு சொல்லும் பேசாமல் கூறிவிடுகின்றோம். "எதற்காக?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் விடை இராது. கேட்கப்பட்ட பெண்ணுக்கே அது தெரியாது, அவள் மேலிடத்தார் சொன்னதைச் செய்கின்றாள். அவளிடம் சினம் கொள்ளாமல், கொடுக்காமல் வந்துவிடுவோம். கொடுத்தே தீர வேண்டிய இடங்களில், கொடுத்ததைக் காப்பது யார் பொறுப்பு என்பதை உரக்கக் கேட்போம். நகைப்பெட்டியை இழந்த பெண் அண்டை வீட்டு வாயிலில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றாள். கள்வனைப் பிடிக்கக் காவலர் போயிருக்கின்றார்கள், பிடிக்கட்டும். அவள் கேட்க வந்தது உடைந்த தாழ்ப்பாளைப் பற்றி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வீட்டுக்குள் இருக்கின்றார்கள்.