அரையாண்டு மதிப்பெண்ணும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும்

ஆம்பூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் பிள்ளைகள் வீடு தேடி வருகிறார்கள். முன்பெல்லாம் நீட்டா, ஜேஇஇயா என்று கேட்பார்கள். இப்போது, "எம்ஐடிக்குப் போட்டா கிடைக்குமா டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளையும் வருகிறது. ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாவின் மகளிடமிருந்து அந்தக் கேள்வி வரும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. பதிலை மட்டும் மழுப்பக் கூடாது.

அமெரிக்காவின் எம்ஐடியில் மொத்த விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு இடம் கிடைக்கிறது. வெளிநாட்டு மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிடும். அந்த நூறு பேரும் அவரவர் நாட்டில் முதல் வரிசையில் இருப்பவர்கள். இதைச் சொல்லாமல் ஆசை காட்டுவது துரோகம். ஆனால் ஆசை காட்டுவதே ஒரு தொழிலாகிவிட்டது. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியின் தகப்பனாரிடம் ஓர் ஆலோசனை நிறுவனம் லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறது. பிள்ளை பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்குவார்களாம், ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிடுவார்களாம், நோட்டுப் புத்தகம் வழங்குவது போலப் படம் எடுப்பார்களாம். பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கக் கட்டணம்! நல்லவேளை, அவர் கட்டவில்லை.

பணத்தின் பக்கம் இன்னும் கடினமானது. அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டுச் செலவு நம் பணத்தில் எழுபது லட்சத்துக்குக் குறையாது. பட்டமேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வெளிநாடு போகும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. நல்ல திட்டம்தான், ஆனால் இளநிலைப் படிப்புக்கு இல்லை. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டிச் சலுகை தந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அதுவும் பட்டமேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உரியதுதான். சிறுபான்மையினர் அதிகம் வாழும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் அதன் இழப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆக, பிளஸ் டூ முடித்துப் போகிற ஏழைப் பிள்ளைக்கு அந்தப் பல்கலைக்கழகமே தரும் உதவிதான் கதி. எம்ஐடி, ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல், ஆம்ஹர்ஸ்ட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டார் என்பதற்காக விண்ணப்பம் பின்னுக்குத் தள்ளப்படாது. தேர்வாகிவிட்டால் தேவைப்படும் முழுத் தொகையையும் அவர்களே தருகிறார்கள். மற்றப் பல இடங்களில் 'உதவி வேண்டும்' என்று குறித்த உடனேயே வாய்ப்பு குறைந்துவிடும். எந்தக் கல்லூரி எந்த வகை என்பதைப் பார்க்காமல் பத்து இடங்களுக்கு விண்ணப்பிப்பது கட்டணத்துக்குப் பிடித்த கேடு.

இவ்வளவையும் மீறி ஒரு பிள்ளை விண்ணப்பிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படி விண்ணப்பித்த ஒரு பெண்ணின் அம்மா வீட்டிலேயே ஷூ அப்பர் தைப்பவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்து, கைக்கு வரும் ஜோடிகளும் குறைந்தன. மகள் அந்த வீட்டில் இருந்துகொண்டே தெருக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாள். டேனரி ஊர் ஆயிற்றே, தோல் பதனிடும் குரோமியம் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஆறு இணைதிற குரோமியம் இருந்தால் டைபினைல் கார்பசைடு சேர்த்ததும் ஊதா நிறம் வர வேண்டும். வரவில்லை. முகம் வாடிப்போனாள். பிறகு குளோரைடு பார்க்கலாம் என்று சில்வர் நைட்ரேட்டை பியூரெட்டில் எடுத்தோம். குளோரைடு தீர்ந்ததும் வர வேண்டிய செங்கல் நிறம் கூம்புக் குடுவையில் வரவே மாட்டேன் என்கிறது. பியூரெட் காலியாகி மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, தோலை ஊறவைக்கும் தண்ணீரோடு மண்ணில் இறங்கி, கிணறுவரை வந்திருக்கிறது. தான் நினைத்தது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது என்று அவள் விண்ணப்பத்தில் எழுதிய கட்டுரையைப் போல விலைக்கு யாராலும் எழுதித் தர முடியாது. தோல் ஆலைகளால் வந்த பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது அவள் பிறப்பதற்கு முன்பு. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடி அதைப் பேச வேண்டியிருந்தது. இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத விஷயம் தேடித் தர வேண்டியதே இல்லை.

அவள் பங்கு அப்படி இருந்தது. பள்ளியின் பங்கு வெறுமையாக இருந்தது. விண்ணப்பத்தில் பள்ளி தர வேண்டியவை பல: ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, வழிகாட்டி ஆசிரியரின் கடிதம், அரையாண்டு மதிப்பெண். விண்ணப்பக் கட்டணத்தில் விலக்குக் கேட்டால் அதற்கும் பள்ளியின் ஒப்புதல் வேண்டும். அலுவலகத்தில் கேட்டபோது, "நன்னடத்தைச் சான்றிதழ் தர்றோம், போதாதா?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து அரையாண்டு மதிப்பெண்தான். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில், முடிவு மே மாதத்தில். விண்ணப்பக் கெடுவோ ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். மார்ச் இறுதிக்குள் முடிவும் சொல்லிவிடுவார்கள். பொதுத்தேர்வில் அவள் வாங்கப்போகும் 97-ஐ அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. பார்ப்பது அரையாண்டில் போட்ட 74-ஐத்தான். பிள்ளைகள் மெத்தனமாக இருந்துவிடக் கூடாது என்று அரையாண்டில் கையை இறுக்கித் திருத்துவது நம் பள்ளிகளின் வழக்கம். இங்கே எல்லோருக்கும் அது தெரியும். அமெரிக்காவில் கோப்பைப் புரட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? 'எங்கள் உள்தேர்வுகளில் கடுமையாகத் திருத்துவோம், கடந்த ஆண்டுகளில் அரையாண்டு சராசரி இவ்வளவு, பொதுத்தேர்வுச் சராசரி இவ்வளவு' என்று பள்ளிக் குறிப்பில் இரண்டு வரி இருந்தால் போதும். பெரிய நகரங்களின் சர்வதேசப் பள்ளிகள் இதையெல்லாம் அச்சடித்தே வைத்திருக்கின்றன. அவளுக்கு அந்த இரண்டு வரியை எழுதித் தர ஆளில்லை.

விண்ணப்பித்த எந்த இடத்திலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக் குறிப்பு இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கு இரண்டு என்பது எல்லாம் சரியாக இருந்தாலும் நூற்றுக்கு இரண்டுதான். தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்கும் சேர்த்தே பதிவு செய்திருந்தாள். இப்போது சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். ஆனாலும் போட்டியில் தோற்பது வேறு, தாள் இல்லாமல் தோற்பது வேறு. இரண்டாவதை நம்மால் தடுக்க முடியும்.

அரசு மாதிரிப் பள்ளிகளில் பிள்ளைகளை ஐஐடி போன்ற இடங்களுக்கு அனுப்பவென்றே ஆட்கள் உழைக்கிறார்கள். அந்த அனுபவத்தை உதவிபெறும் பள்ளிகளுக்கும் திறந்துவிட வேண்டும். திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்கள் சேர்ந்து பள்ளிக் குறிப்புக்கு ஒரு முன்மாதிரியை ஆங்கிலத்தில் தயாரித்துத் தந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்குத் தோல் தொழில் முன்வரலாம். வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியா கல்லூரி எழுந்தபோதும், மேல்விஷாரத்தில் 1965-ல் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரால் கல்லூரி தொடங்கியபோதும் கல்விக்குக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் வலுவாக இருந்தது. மூன்று மாவட்டங்களுக்குமாக முழுநேர வழிகாட்டி ஒருவருக்குச் சம்பளமும், அமெரிக்கச் சேர்க்கைக்காக ஏழைப் பிள்ளைகள் எழுதும் எஸ்ஏடி தேர்வுக் கட்டணமும் ஏற்றுமதியாளர் சங்கங்களுக்குச் சுமையாக இருக்காது. ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பதிவேட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு ஒன்பதில் சேரும் பிள்ளைக்கு நான்காவது ஆண்டு டிசம்பரில் அது வேண்டியிருக்கும்.