கூரையை எட்டாத கட்டட விதி

கோலார் தங்கவயலின் பாலகாட்டில், கோடை மாலையில் இடியோடு எழும் காற்றைக் கண்டு மக்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது கூரையைத்தான். சுரங்கத் தொழிலாளருக்கென எழுந்த வரிசை வீடுகள் அவை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வேலை போயிற்று. அவ்வீடுகளைப் பேணிய கையும் உடன்போயிற்று. இயன்றவர் துருவேறிய தகடுகளை மாற்றினர். இயலாதவர் அவற்றின்மேல் கல்லை ஏற்றிவைத்தனர். புயல் எழும் கடல் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது என்பது உண்மையே. ஆயினும் காற்றின் முன் ஏழையின் வீடு நிற்குமா என்னும் வினா, நாகைக் கரைக்கும் தங்கவயலுக்கும் பொதுவானது.

விதிகள் இல்லாமல் இல்லை. கட்டடங்கள் தாங்கவேண்டிய காற்றின் விசையை வரையறுக்கும் ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநூலின் மூன்றாம் பகுதி 2015இல் திருத்தப்பட்டது. நாட்டை ஆறு காற்று மண்டலங்களாகப் பகுத்து, பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என அடிப்படை வேகங்களை அது குறிக்கிறது. வேகம் ஒன்றரை மடங்கு உயர்ந்தால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு உயரும். சென்னைக்குரிய வேகத்தில் சதுர மீட்டர் ஒன்றின்மேல் ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு நிகரான விசை பாய்கிறது. சுவரைத் தள்ளும் அதே காற்று கூரையைப் பெரும்பாலும் மேல்நோக்கி இழுக்கிறது. விளிம்புகளிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு இன்னும் மிகுதி. தகரக் கூரையின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோதான். எனவே கூரையைக் காப்பது அதன் எடையன்று. தகட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் கட்டும் பிணைப்பே. மேலே ஏற்றிய கல் காக்காது. தகடு எழும்பும் நொடியில் அக்கல்லே ஆட்கொல்லியாகும்.

இந்த உண்மைகளையெல்லாம் அறிந்தே, சிறு வீடுகளின் புயல்தாங்கு திறனை உயர்த்த 2004இல் ஐ.எஸ். 15498 என்னும் வழிகாட்டி நூலும் வெளியிடப்பட்டது. இருந்தும் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சிதைந்தன. கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு: அந்தக் கரைக்குத் தரநூல் கணக்கிட்டிருக்கும் வேகத்தைவிடக் கஜாவின் காற்று மெதுவானதே. ஆதலால் விதி தோற்றது என்று கூற இயலாது. விழுந்த குடிசைகளையும் ஓட்டு வீடுகளையும் விதி எட்டவே இல்லை. வரைபடமும் ஒப்புதலும் பொறியாளரும் உள்ள வீட்டுக்கே அது காவலாகிறது. கொத்தனாரும் வீட்டுக்காரருமாகச் சேர்ந்து எழுப்பும் வீடு அதன் கண்ணில் படுவதில்லை.

விதிநூலின் உள்ளேயும் ஒரு குறையைச் சுட்டவேண்டியிருக்கிறது. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 60 கிலோமீட்டர் பகுதியில், புயலுக்குப் பின்னும் இயங்கியாகவேண்டிய மருத்துவமனை போன்றவற்றுக்குக் காற்றின் வேகத்தை 1.30 மடங்காகக் கொள்ள 2015இன் திருத்தம் பணிக்கிறது. தொழிற்சாலைகளுக்கு 1.15 மடங்கு. குடியிருக்கும் வீட்டுக்கு 1.00, அதாவது கூடுதல் ஏதுமில்லை. மருத்துவமனைக்கு அளித்த முன்னுரிமை முறையானதே. ஆனால் இயந்திரம் உறங்கும் கொட்டகைக்குக் கிடைக்கும் கூடுதல் காவல், குழந்தை உறங்கும் வீட்டுக்கு மறுக்கப்படுவதை நாம் ஏற்கமாட்டோம்.

செல்வ நாடுகளும் இப்பாடத்தை இழப்பின் வழியாகவே கற்றன. அமெரிக்காவில் கடுமையானது எனப் பெயர்பெற்ற கட்டட விதி நடைமுறையில் இருந்த தென் புளோரிடாவில், 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி 25,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. அறையவேண்டிய ஆணிகளை அறையாத வேலையும், அதைக் கண்டும் காணாத மேற்பார்வையும் அப்போது வெளிப்பட்டன. மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி 2002இல் நடைமுறைக்கு வந்தது. ஈராண்டில் வந்த சார்லி சூறாவளியில், புதிய விதிப்படி எழுந்த வீடுகள் பழையவற்றைவிட நன்கு தாங்கின. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974 கிறிஸ்துமஸ் நாளில் டிரேசி புயல் தரைமட்டமாக்கியபோது தகரக் கூரைகளைப் பற்றி ஓர் உண்மை தெளிந்தது. ஒரே வீச்சில் மட்டும் அவை பறக்கவில்லை. மணிக்கணக்கில் ஏறியிறங்கிய காற்றில் திருகாணியைச் சுற்றிய தகடு களைத்துக் கிழிந்தது. அதன்பின் அங்கே கூரைத் தகடுகளை மீண்டும் மீண்டும் இழுத்துச் சோதிக்கும் முறை வந்தது. பாலகாட்டின் துருப்பிடித்த தகடுகளுக்கு இதைவிட நெருங்கிய எச்சரிக்கை வேறில்லை.

தமிழ்நாட்டரசு 2030க்குள் எட்டு இலட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்டக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்துள்ளது. வரவேற்கிறோம். கூரை மட்டத் தவணைத் தொகையை, பிணைப்புக் கம்பிகள் சுவரோடு கட்டப்பட்டதைப் பொறியாளர் நேரில் கண்டு கையொப்பமிட்ட பின்னரே விடுவிக்கவேண்டும். ஐ.எஸ். 15498இன் சாரத்தைப் படங்களோடு எளிய தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு கொத்தனார் கையிலும் சேர்க்கவேண்டும். கர்நாடக அரசும் ஒன்றிய அரசும் தங்கவயலின் வரிசை வீடுகளை ஆய்ந்து, தகடும் திருகாணியும் மாற்றும் செலவை ஏற்கவேண்டும். அந்நிலத்தின் பொன்னை நூறாண்டுக்கு மேல் எடுத்த நாடு, எடுத்துத் தந்தவர்களின் கூரைக்கு இதைச் செய்யக் கடமைப்பட்டுள்ளது. அடுத்த கோடைக்குள் அந்தப் பணி தொடங்கப்படவேண்டும்.