ஊருக்கு வந்தா சொல்லு!

“எங்க ஊருக்கு வந்தா கண்டிப்பா சொல்லணும், சரியா?”

வெளிநாட்டுப் பயணத்தில் புதிதாகப் பழகியவர்களிடம் விடைபெறும்போது நாம் தவறாமல் சொல்லும் வாசகம் இது. விடுதி வாசலிலோ பேருந்து நிலையத்திலோ முதுகுப்பையை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சொல்லும்போது மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால், அவர் நிஜமாகவே வந்து நின்றால்?

என்னைத் தேடி அப்படி ஒருவர் வந்தார். அன்று நான் நடந்துகொண்ட விதத்தை எழுத இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

2018 நவம்பர். வானொலியில் பத்து நாள் விடுமுறை கிடைத்தது. வட தாய்லாந்தில் சியாங் ராயிலிருந்து பேருந்து பிடித்து, எல்லையில் மீகோங் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, லாவோஸ் நாட்டின் ஹுவாய் சாய் என்ற சிற்றூரில் இறங்கினேன். அங்கிருந்து லுவாங் பிரபாங் நகரத்துக்குப் படகில் போவதாகத் திட்டம். ‘ஸ்லோ போட்’ என்பார்கள். பெயருக்கு ஏற்ற வேகம்தான். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போக இரண்டு பகல் ஆகும். இரவில் படகு ஓடாது. நடுவில் பாக்பெங் என்ற ஊரில் எல்லாரும் இறங்கித் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் ஏற வேண்டும்.

“தனியாவா போற?” என்று அம்மா கேட்டார்.

“நூறு பேர் போற படகும்மா. அதுல எப்படித் தனியா இருக்க முடியும்?” என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

படகின் இருக்கைகள் பழைய வேன்களிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தவை. தரையில் வரிசையாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் தாமதமாக ஏறியதால் எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை, எஞ்சினுக்குப் பக்கத்தில். தினமும் நான்கு மணி நேரம் பேசிப் பிழைப்பவள் நான். அங்கே நான் கத்தினாலும் எனக்கே கேட்கவில்லை. கைத்தொலைபேசியிலும் தொடர்பு இல்லை.

நவம்பர் மாதக் காலைகளில் அந்த ஆற்றில் நல்ல குளிர். நம் ஊர் வெயிலை நம்பி ஒரு டி-சட்டையோடு போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து என் மடியில் போட்டார். நான் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். மதியம் வரை எங்கள் நட்பு இவ்வளவுதான்.

படகு ஒரு கிராமத்துக் கரையில் நின்று எஞ்சின் அடங்கியபோதுதான் பேச முடிந்தது. அவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர், சியாங் மாயில் ஆசிரியையாக வேலை செய்கிறார். முன் வரிசையிலிருந்த ஜெர்மானியப் பெரியவர் ஒருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். முதுகுப்பைப் பயணிகள் தங்கும் கூட்டு விடுதிகளுக்கு விதை போட்டவர் தங்கள் நாட்டு ஆசிரியர் ஒருவர்தான் என்று பெருமையாகச் சொன்னார். ரிச்சர்டு ஷிர்மான் என்பவர் 1909இல் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனபோது புயலில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்திருக்கிறார். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளில் பயணிகள் தங்கினால் என்ன என்று அன்று தோன்றியதாம். 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளையர் விடுதி திறக்கப்பட்டது. “பார்த்தாயா, இதையும் ஒரு டீச்சர்தான் ஆரம்பித்திருக்கிறார்!” என்று என் தோளைத் தட்டினார் பிலிப்பைன்ஸ் டீச்சர்.

அன்று இரவு பாக்பெங்கில் எனக்கு வயிறு கெட்டது. எதைச் சாப்பிட்டதால் என்று தெரியவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு காய்ச்சல். என் அறைக் கதவைத் தட்டிப் பார்த்த டீச்சர் உள்ளே வந்தவர் விடியும்வரை போகவில்லை. கொதித்து ஆறிய நீரில் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்து, சிறு பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். காலையில் பெரியவர் என் பையைத் தூக்கிக்கொண்டார். எஞ்சினுக்கு எட்டத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்தவரும் அவர்தான். இருவரையும் எனக்கு அறிமுகமாகி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

லுவாங் பிரபாங்கில் மூன்று நாள் ஒன்றாகச் சுற்றினோம். 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் நகரம் அது. விடியற்காலையில் காவியுடை பிக்குகள் வரிசையாக வந்து பிச்சை ஏற்பதைத் தள்ளி நின்று பார்த்தோம். குவாங் சி அருவியின் நீலப்பச்சைத் தண்ணீரில் கால் நனைத்தோம். கடைசி நாள் விடுதிக்கார அம்மாள் தன் வீட்டில் நடந்த ‘பாசி’ சடங்குக்கு எங்களையும் அழைத்தார். மனித உடலில் 32 உயிர்ச்சக்திகள் இருப்பதாகவும், நோயிலும் பயணத்திலும் அவை விலகிப் போய்விடும் என்பதாகவும் லாவோஸ் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. அவற்றைத் திரும்ப அழைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி நிறுத்துகிறார்கள். நம் காப்புக் கயிறு மாதிரி. மூன்று நாளாவது கழற்றக்கூடாதாம். எனக்கு விடுதிக்கார அம்மாள் கட்டினார், டீச்சரும் ஒரு நூல் கட்டிவிட்டார்.

கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசகத்தைச் சொன்னேன். “கோலாலம்பூர் வந்தா கண்டிப்பா சொல்லணும்.”

சொன்னார். அடுத்த ஆண்டு அக்டோபரில் புலனத்தில் செய்தி வந்தது. ‘உன் ஊரில் இரண்டு இரவு இருப்பேன். நேரம் இருந்தால் பார்க்கலாமா?’

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. காலையில் வானொலி, மாலையில் மேடை நிகழ்ச்சிகள். ‘மன்னிக்கவும், ரொம்ப வேலை. வீட்டிலும் விருந்தாளியைத் தங்க வைப்பது சிரமம், அம்மாவுக்குப் பழக்கமில்லை’ என்று பதில் போட்டேன். வேலை இருந்தது உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். அம்மாவைப் பற்றிச் சொன்னது பொய். அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. ‘பரவாயில்லை, அடுத்த முறை’ என்று ஒரு சிரித்த முகத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிய நேரத்தில் அவரிடமிருந்தே மறுபடி செய்தி வந்தது. ‘நீயும் அம்மாவும் நலமா?’ அப்போது அம்மா பக்கத்தில் இருந்தார். யார் என்று கேட்டார். பாக்பெங் இரவை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். பயந்துவிடுவார் என்று அதுவரை மறைத்திருந்தேன். பேச்சுவாக்கில் அக்டோபர் கதையும் வெளியே வந்துவிட்டது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். “ராத்திரி பூரா கண்ணு முழிச்சு உன்னைப் பார்த்துக்கிட்ட பொண்ணு இந்த ஊருக்கு வந்துச்சு. நீ ஒரு வாய் சோறு போடல. அதுக்கு என் பேரைச் சொல்லித் தப்பிச்சிருக்க?”

அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை.

அன்றே டீச்சருக்கு உண்மையை எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது. ‘உனக்காகக் கொண்டு வந்த காய்ந்த மாம்பழத்தை விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அவள் எனக்கு நல்ல தோழி. அதனால் உனக்கு நன்றி!’ சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பயணத்தில் நட்பு எப்படிக் கிடைக்கும் என்று இளம் நேயர்கள் என்னிடம் கேட்பதுண்டு. என் அனுபவத்தில் அதற்குப் பேச்சுத் திறமை தேவையில்லை. வேகமான வழியை விட்டு மெதுவான வழியில் போங்கள். 2021 டிசம்பரிலிருந்து லுவாங் பிரபாங் வழியாக ரயில் ஓடுகிறது. அவசரமில்லாதவர்கள் இன்னமும் படகில் போகலாம். கூட்டு விடுதியில், சமையலறை இருக்கும் இடமாகப் பார்த்துத் தங்குங்கள். கையிலிருப்பதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். உதவி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். அதே சமயம் கடப்பிதழும் பணமும் எப்போதும் உங்கள் உடம்போடு இருக்கட்டும். புதியவர்களை முதலில் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்பது தினமும் வீட்டுக்குத் தெரிய வேண்டும். நான் செய்ததுபோல் நோயை வீட்டில் மறைக்காதீர்கள்.

நட்பு கிடைப்பது அந்த ஊரில். அது நிலைக்குமா என்பது நாம் நம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும். அங்கே நாம் விருந்தாளி, நேரமும் நிறைய இருக்கிறது, நன்றாக நடந்துகொள்வது சுலபம். இங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, சாக்குகளும் இருக்கின்றன.

எல்லைகள் திறந்த பிறகு, 2022 டிசம்பரில் டீச்சர் மீண்டும் வந்தார். விமான நிலையத்துக்கு அம்மாவும் வந்தார். மறுநாள் பசியாறத் தோசை. அவர் ‘போதும்’ என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்குள் ஆறு தோசை தட்டில் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, டீச்சருக்குத் தமிழ் தெரியாது. மூன்று நாளும் இருவரும் சமையலறையில்தான் இருந்தார்கள். என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது அம்மா எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி அவர் முதுகுப்பைக்குள் திணித்தார். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சியாங் மாய் வந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்” என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “டிக்கெட் எவ்வளவு ஆகும்?”